வண்ணார்பேட்டையில் நடைமேம்பாலம் கட்டினால் விபத்து குறையுமா?

கேள்வி இதுதான்: நம் திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசலான இடங்களில் ரோட்டைக் கடப்பதே பெரும்பாடாக இருக்கிறது, பெரிய நகரங்களில் இருப்பது போல இங்கேயும் நடைமேம்பாலம் கட்டிவிட்டால் விபத்து குறையுமா, கட்டினாலும் நம் ஜனங்கள் ஏறுவார்களா, ஏறாமல் கீழேயே கடப்பவர்களுக்கு அபராதம் போட்டால்தான் சரிப்படுமா?

என் பதில்: ஊருக்குள் வேண்டாம். ஊருக்கு வெளியே நான்குவழிச்சாலையில் கண்டிப்பாக வேண்டும், ரயில் பாதை குறுக்கிடும் இடங்களிலும் வேண்டும். அபராதம் எங்கேயும் வேண்டாம். இடத்துக்கு இடம் ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய பிறகு யாரும் ஏறாமல் கிடக்கும் பாலங்கள் நாட்டில் நிறைய இருக்கின்றன, நம் ஊரிலும் அதே தவறைப் பணம் போட்டு வாங்கிவிடக் கூடாது.

முதலில் உயரக் கணக்கு. ரோட்டுக்கு மேலே எதைக் கட்டினாலும் அதன் அடியில் பஸ்ஸும் லோடு ஏற்றிய லாரியும் கண்டெய்னரும் போயாக வேண்டும். நகரச் சாலைகளில் அதற்காக 5.5 மீட்டர் காலியாக விட வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் நாம் கால் வைக்கும் தளம் எப்படியும் 6 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. சும்மா கையை வீசிக்கொண்டு போகிற இருபது வயதுப் பையனுக்கே படிக்கட்டு இருக்கும் இடம் வரை நடந்து, ஏறி, குறுக்கே போய், இறங்கி முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். கீழே ரோட்டின் அகலம் 14 மீட்டர்தான், இடைவெளி கிடைத்தால் பன்னிரண்டு விநாடியில் அந்தப் பக்கம் போய்விடலாம். வண்டிகளுக்காக அரை நிமிடம் காத்து நின்றதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் பாலத்து வழி இரண்டு மடங்குக்குக் குறையாது. 1965-லேயே மூர், ஓல்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து எழுதினார்கள். பாலத்தில் போகிற நேரமும் கீழே கடக்கிற நேரமும் சமமாக இருந்தால் பெரும்பாலானவர்கள் பாலத்தில் போகிறார்கள், பாலத்து வழி ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் கிட்டத்தட்ட ஒருவரும் போவதில்லை. ஆகவே "நம்ம ஆளுங்களுக்கு ஒழுக்கம் இல்ல" என்று பேசுவதில் ஒரு அர்த்தமும் இல்லை. கால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கணக்குப் போடும்.

இருபது வயதுப் பையனை விடுங்கள். காய்கறி வாங்கிக்கொண்டு வரும் ஓர் ஆச்சியைப் பாருங்கள். ஒரு கையில் கட்டைப்பை, அதில் இரண்டு கிலோ வெங்காயமும் மேலே எட்டிப் பார்க்கிற முருங்கைக்காயும், இன்னொரு கையில் காலில் மிதிபடாமல் இருக்கச் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார். டவுன் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் "ஆச்சி, வெரசா எறங்குங்க" என்கிறார், இறங்குகிறார். அவர் போக வேண்டிய தெரு நேர் எதிரே இருக்கிறது. பாலத்துப் படிக்கட்டு ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி. மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் 40 படியை நிமிர்ந்து பார்க்கிறார், அப்புறம் சென்டர் மீடியனைப் பார்க்கிறார். அங்கே இரும்புக் கிராதியில் ஒரு கம்பி ஏற்கெனவே வளைந்திருக்கிறது, கீழே மண் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது, அவருக்கு முன்னால் நூறு பேர் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள். அவரும் அதில்தான் குனிந்து நுழைவார். அந்த வளைந்த கம்பியைப் பார்த்தால் நம் அதிகாரிகளுக்குக் கோபம் வருகிறது, உடனே வெல்டிங் வைத்து அடைக்கிறார்கள். உண்மையில் ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த சர்வே அது. ஜனங்கள் எந்த இடத்தில் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை அதைவிடத் துல்லியமாக எந்த ஆலோசனை நிறுவனமும் எழுதிக் கொடுக்க முடியாது. அதை அடைத்துவிட்டு நூறு மீட்டர் தள்ளி ஜீப்ரா கிராஸிங் போடுவதால்தான் அந்தக் கோட்டில் யாரும் கடப்பதில்லை.

சக்கர நாற்காலியில் வருபவர் நிலைமை இன்னும் மோசம். சாய்தளம் கட்டினால் 12 அடி நீளத்துக்கு ஒரு அடிதான் உயரலாம், அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தானாக உருட்டி ஏற முடியாது. 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம், நடுவில் நின்று மூச்சு வாங்கும் சமதளங்கள் தனி. இரண்டு பக்கமும் சேர்த்து, 14 மீட்டர் ரோட்டைக் கடக்க அவர் 150 மீட்டருக்கு மேல் உருட்ட வேண்டும். முருகன்குறிச்சியில் அந்த நீளத்துக்குச் சாய்தளம் வைக்க இடம் எங்கே இருக்கிறது? அதனால் லிஃப்ட் வைக்கிறோம் என்பார்கள். லிஃப்ட் வைப்பது சுலபம், அதைத் தினமும் ஓட வைப்பதுதான் பாடு. கரண்டு, ஆபரேட்டர், துப்புரவு, வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கினால்தான் அது லிஃப்ட், இல்லாவிட்டால் பூட்டிய இரும்புப் பெட்டி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது, படிக்கட்டு மட்டும் வைத்த பாலத்தைக் கட்டிவிட்டு இதுதான் கடக்கும் வழி என்று சொல்வது அந்தச் சட்டத்தின் முன்னால் நிற்காது.

இன்னொன்று, ராத்திரி. டியூஷன் முடிந்து எட்டரை மணிக்கு வரும் பெண் பிள்ளைகள் பாலத்தில் ஏறுவார்களா என்று வீட்டில் இருக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஃபிளெக்ஸ் போர்டு மறைத்திருந்தால் மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கீழே இருந்து தெரியாது, விளக்கு ஒன்று விட்டு ஒன்று எரியும், மூலையில் மூத்திர வாடை. வண்டி இடிக்குமோ என்ற பயத்தைவிட அந்தப் பயம் பெரியது. பெங்களூரில் பல நடைமேம்பாலங்கள் விளம்பர உரிமைக்காகத் தனியார் கட்டிக் கொடுத்தவை. அரசுக்குச் செலவில்லை என்பதால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஜனங்கள் கடக்கிற இடத்தைவிட விளம்பரம் நன்றாகத் தெரிகிற இடத்தில் பாலம் வந்துவிடும் ஆபத்து அதிலேயே இருக்கிறது.

சரி, பாலம் பிடிக்கவில்லை என்றால் கீழே கடந்து செத்துப் போகலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் வேகத்தில் இருக்கிறது, அதனால் இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். ஆளைப் பார்த்து, சுதாரித்து, கால் பிரேக்குக்குப் போக நல்ல டிரைவருக்கே ஒரு விநாடி ஆகும். அப்புறம் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 14 மீட்டர். ஆக 28 மீட்டர். அதே கார் 30 கிலோமீட்டரில் வந்தால் சுதாரிக்க 8 மீட்டர், நிற்க 5 மீட்டர், மொத்தம் 13. இப்போது 20 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தை எடுக்க ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ல் வந்த கார் 7 மீட்டர் மிச்சம் வைத்து நிற்கும், டிரைவர் ரெண்டு திட்டு திட்டிவிட்டுப் போய்விடுவார். 50-ல் வந்த கார் அந்தக் குழந்தையை அடையும்போது இன்னும் 37 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இது காய்ந்த ரோட்டுக் கணக்கு. ஐப்பசி மழையில் தேய்ந்த டயரோடு வந்தால் இன்னும் மோசம். வண்டியின் வேகம் 50-லிருந்து 65-க்கு ஏறினால், அடிபட்டு நடப்பவர் சாகும் ஆபத்து நாலரை மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடப்பவரும் வண்டியும் கலக்கிற தெருக்களில் 30 தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று உலக நாடுகள் 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிப் பேசியதும் இதனால்தான்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர், ஒரு நாளைக்கு 90 பேர். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு, 64,105 விபத்து, 17,884 சாவு. இவர்களில் வண்டி ஓட்டாமல், குடிக்காமல், எந்த விதியையும் மீறாமல் ரோட்டோரம் நடந்த குற்றத்துக்காகச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

நடைமேம்பாலம் இந்த வேகத்தைத் தொடுவதே இல்லை. இதுதான் என் மையமான எதிர்ப்பு. ஆட்களை மேலே ஏற்றிவிட்டால் கீழே வண்டிக்குத் தடையில்லை, டிரைவர் மனதில் "இங்கே யாரும் குறுக்கே வர மாட்டார்கள்" என்று பதிந்துவிடும், வேகம் கூடும். அதே நேரத்தில் ஆச்சியும், கர்ப்பிணியும், கால் ஊன்றி நடப்பவரும், அவசரக்காரரும் கீழேயே கடந்துகொண்டிருப்பார்கள். முன்பு 40-ல் வந்த வண்டி இப்போது 60-ல் வரும். பாலம் கட்டியதால் அவர்களுக்கு ஆபத்து கூடியதே தவிரக் குறையவில்லை, அதற்கு மேல் "பாலம் இருக்கும்போது ஏன் கீழே வந்தாய்" என்ற பழி வேறு வந்து சேரும். இழப்பீட்டு வழக்கிலும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.

1843-ல் சுலோச்சன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுத் தாமிரபரணிக்கு மேல் பாலம் கட்டினார் என்றால், ஆற்றை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்க முடியாது என்பதால். ரோட்டில் வருவது ஆற்று வெள்ளமா? ஒவ்வொரு வண்டிக்கும் பிரேக் இருக்கிறது, ஓட்டுகிறவருக்குக் கண் இருக்கிறது. நிற்க முடிகிறவன் நிற்க வேண்டும். நடப்பவனை ஏறி இறங்கச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதை நம் ஊர் ஒரு காலத்தில் நன்றாகவே யோசித்திருக்கிறது. ஜங்ஷனில் ரயில் பாதையைக் கடக்க 1973-ல் திறந்த திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலத்தைப் பாருங்கள். பஸ்ஸும் லாரியும் மேல் தளம், சைக்கிளும் இருசக்கர வண்டியும் நடப்பவரும் கீழ்த் தளம். நாட்டிலேயே முதல் ஈரடுக்குச் சாலை மேம்பாலம் என்று பெருமை பேசுகிறோம், என் கண்ணில் அதைவிடப் பெரிய விஷயம் அதிகமான ஏற்றத்தை எஞ்சின் உள்ளவனுக்குக் கொடுத்ததுதான். டீசல் போட்டு ஏறுகிறவன் உயரமாக ஏறட்டும், காலால் மிதித்தும் நடந்தும் ஏறுகிறவனுக்குக் குறைந்த ஏற்றம் போதும். 50 வருடத்துக்கு முன்னால் செய்த இந்த ஏற்பாட்டைத் தலைகீழாகப் புரட்டுவதுதான் இப்போது கேட்கிற நடைமேம்பாலம்: வண்டி சமதளத்தில் போகும், கிழவி மேலே ஏறுவார்.

டவுனுக்கு வருவோம். ரத வீதியில் நடைமேம்பாலம் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவில் ஐந்து தேர் சுற்றி வர வேண்டும், சுவாமி தேர் வரும்போது குறுக்கே போகிற மின்கம்பியைக்கூட அவிழ்க்கிறோம், பாலத்தை எங்கே அவிழ்ப்பது? அப்படியானால் ரத வீதியில் ஜனங்கள் எப்படிக் கடக்கிறார்கள்? தீபாவளிக்கு முந்தின வாரம் வடக்கு ரத வீதியில் ஜவுளிக்கடைக் கூட்டத்தைப் பாருங்கள், சாயங்காலம் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை முன்னால் அல்வாவுக்கு நிற்கிற கூட்டம் ரோட்டில் வழிவதைப் பாருங்கள். ஆட்டோவும் பைக்கும் அந்தக் கூட்டத்துக்குள்தான் ஊர்ந்து போகின்றன. நெரிசல் உண்டு, சத்தம் உண்டு, எரிச்சல் உண்டு, ஆனால் ஆள் சாகிற அளவு வேகம் அங்கே கிடையாது. அகலமான தெற்கு பைபாஸிலும் வடக்கு பைபாஸிலும் ராத்திரி காலியாக இருக்கும்போதுதான் நெஞ்சு பதறுகிறது. நெரிசலைப் பார்த்துப் பயந்து அங்கே பாலம் கேட்கிறோம், உயிர் போவது காலியான ரோட்டில்.

வண்ணார்பேட்டைக்கு என்னதான் செய்வது என்றால், அங்கே ஏற்கெனவே தலைக்கு மேலே செல்லப்பாண்டியன் மேம்பாலம் இருக்கிறது. நேராகப் போகிற வண்டி மேலே போய்விடலாம். கீழே இருப்பவை திரும்புகிற வண்டிகளும் ஆள் ஏற்றி இறக்குகிற வண்டிகளும், அவை மெதுவாகப் போனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதனால் கீழே வேகம் 30-க்கு மேல் போக முடியாதபடி ரோட்டையே அமைக்கலாம். போர்டு வைத்தால் குறையாது, ரோட்டின் உருவம்தான் குறைக்கும். கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி மேசை மாதிரி தட்டையாகக் கட்டினால், நடப்பவர் இறங்காமல் ஏறாமல் நேராகப் போவார், வண்டிதான் ஏறி இறங்கும், அதுவே வேகத்தடை. மூலையில் வளைவைக் கொஞ்சம் இறுக்கினால் இடப்பக்கம் திரும்புகிற வண்டி சர்ரென்று அடித்துக்கொண்டு வர முடியாது. நடுவில் தூண்களுக்கு இடையே இரண்டு மீட்டர் அகலத்துக்கு நின்று மூச்சு விட இடம் விட்டால் ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டியை மட்டும் பார்த்தால் போதும். இந்த ஒன்றே பெரிய வித்தியாசம் செய்யும், ஏனென்றால் வயதானவர்கள் தடுமாறுவது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும்போதுதான்.

சிக்னல் இருக்கிற இடங்களில் விநாடிக் கணக்கைப் போய்ப் பாருங்கள். புத்தகத்தில் நடப்பவர் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று போட்டு, 14 மீட்டர் ரோட்டுக்கு 12 விநாடி கொடுத்துவிடுவார்கள். நம் ஆச்சி விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 17, 18 விநாடி வேண்டும். பச்சை முடியும்போது அவர் இன்னும் நாலரை மீட்டர் நடக்க வேண்டியிருக்கும், ஒரு முழு வண்டிப்பாதையை விட அதிகம், அந்த நேரத்தில் எதிர்ச் சிக்னலில் பைக்குகள் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு நிற்கும். ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களில் பாதிப்பேர் கட்டுப் போட்டவர்களும் ஊன்றுகோல்காரர்களும்தான், அவர்களை வைத்துத்தான் அந்த வட்டாரத்துச் சிக்னலுக்கு நேரம் குறிக்க வேண்டும். கூடுதலாக ஆறு விநாடி கொடுப்பதற்கு டெண்டர் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம்.

பஸ் நிறுத்தம் எங்கே இருக்கிறது என்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நின்றிருக்கிற பஸ்ஸின் முன்பக்கமாக ஆள் கடந்தால் பின்னால் இருந்து பஸ்ஸை ஓவர்டேக் செய்கிற பைக்குக்கு அவர் தெரிய மாட்டார், கடைசி நொடியில்தான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கடக்கும் இடத்தைத் தாண்டி பஸ் நின்றால் இறங்கியவர்கள் இயல்பாகவே பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள், வருகிற வண்டிக்கும் தெரிவார்கள். நிறுத்தத்தை முப்பது மீட்டர் தள்ளி வைப்பது பாலத்தைவிட நூறு மடங்கு மலிவு. பாளையில் பள்ளிக்கூடங்கள் நெருக்கமாக இருக்கிற ரோடுகளில் காலை எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரைக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் இந்த ஒரு மாற்றமே பிள்ளைகளைக் காப்பாற்றும்.

நடைபாதையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடைச் சாமானும் டிரான்ஸ்ஃபார்மரும் நிறுத்தி வைத்த பைக்கும் இருக்கிற நடைபாதையில் யாரும் நடக்க மாட்டார்கள். சுரங்கப்பாதை கட்டலாமே என்பவர்களுக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் எப்படி இருந்தது என்பதை ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

பாலம் நன்றாக வேலை செய்கிற இடமும் உண்டு. சென்னை மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை சுமார் 570 மீட்டர் நீளம், 28 கோடிக்கு மேல் செலவு. அதில் கூட்டம் போகிறது. காரணம், மாம்பலத்தில் ரயிலை விட்டு இறங்கியவர் தண்டவாளத்தைக் கடக்க எப்படியும் மேலே ஏறியாக வேண்டும், ஏறியவர் இறங்காமல் அப்படியே பஸ் நிலையம் வரை போய்விடலாம், லிஃப்டும் எஸ்கலேட்டரும் இருக்கின்றன. ஹாங்காங்கில் மேல் நடைபாதைகள் பெரிய வெற்றி என்பார்கள், அங்கே கட்டடத்துக்குக் கட்டடம் மாடி மட்டத்திலேயே இணைப்பு இருக்கிறது, மலைச்சரிவில் 1993-லிருந்து எஸ்கலேட்டர் வரிசையே ஓடுகிறது. ஏறியது வீணாகாமல் தொடர்ந்து போக வழி இருந்தால் ஜனங்கள் ஏறுவார்கள். ஒரே ஒரு ரோட்டைக் கடக்க ஏறி உடனே இறங்கு என்றால் ஏற மாட்டார்கள். மெக்சிகோ சிட்டியில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு சில நடைமேம்பாலங்களை எடுத்துவிட்டுத் தரையிலேயே சிக்னலோடு கடக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் இந்திய சாலைப் பேரவையின் 103-ம் எண் வழிகாட்டியும் தரைமட்டத்தில் கடப்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது, அது சாத்தியமில்லாத இடத்துக்குத்தான் பாலமும் சுரங்கமும்.

அந்தச் சாத்தியமில்லாத இடம் நம் மாவட்டத்தில் எது என்றால் தேசிய நெடுஞ்சாலை 44. கங்கைகொண்டான், தாழையூத்து, கே.டி.சி. நகர், நாங்குநேரி, வள்ளியூர் என்று மதுரையிலிருந்து குமரி வரை போகிற நான்குவழிச்சாலை. காருக்கு அங்கே 100 கிலோமீட்டர் வரை சட்டமே அனுமதிக்கிறது. 100-ல் வருகிற கார் சுதாரித்து நிற்க 80 மீட்டருக்கு மேல் வேண்டும், லாரிக்கு இன்னும் அதிகம். எதிர்ப் பக்கம் வயல் இருக்கிறது, ஆடு மேய்க்கிற இடம் இருக்கிறது, பஸ் ஏறுகிற இடம் இருக்கிறது, ரோடு வந்ததால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வயலை விட்டுவிட முடியாது. அங்கே மேசைக் கடப்பு போட்டால் அதுவே விபத்தை உண்டாக்கும். அங்கேதான் பாலமோ ரோட்டுக்கு அடியில் நல்ல அகலமான, வெளிச்சமான, தண்ணீர் நிற்காத வழியோ வேண்டும், ஆட்டை ஓட்டிக்கொண்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் போகிற மாதிரி. அதோடு சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போக மனமில்லாமல் பைக்காரர்கள் எதிர்த்திசையில் வருவதை யாராலும் தடுக்க முடியாது.

வெளியூர் பஸ் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிடுவது நாங்குநேரிக்காரர்கள் வெகுநாளாகச் சொல்லிவருகிற புகார். ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கில்லாத நான்குவழிச்சாலை ஓரத்தில் குழந்தையோடும் பையோடும் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுவிட்டு அவர்கள் பாதுகாப்பாகக் கடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. பத்து நிமிடம் மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்கிறார்கள். பஸ் ஊருக்குள் வந்தால் அந்தக் கடப்பே தேவைப்படாது, ஆக இதுவும் சாலைப் பாதுகாப்புக் கோரிக்கைதான், போக்குவரத்துக் கோரிக்கை மட்டும் கிடையாது.

இப்படியெல்லாம் வேகத்தைக் குறைத்தால் டிராஃபிக் ஜாம் ஆகாதா என்று கேட்பார்கள். வண்ணார்பேட்டையிலிருந்து பாளை பஸ் ஸ்டாண்டு வரை சில கிலோமீட்டர்தான். நேரத்தைத் தின்பது சிக்னலும், சாலையோரம் நிறுத்திய வண்டியும், ஆள் ஏற்ற நடு ரோட்டில் நிற்கிற ஷேர் ஆட்டோவும். இரண்டு சிக்னலுக்கு நடுவில் 50-ல் பறந்தாலும் அடுத்த சிக்னலில் போய் நிற்கத்தான் போகிறோம். 30-ல் போனால் ஒன்றிரண்டு நிமிடம் கூடும். நடந்து கடப்பவரிடம் பாலம் ஏறச் சொல்லி எடுத்துக்கொள்கிற நேரமும் ஒரு நிமிடம்தானே, வண்டிக்காரர் நிமிடத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

யாரிடம் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனம் ஓட்டுதல் விதிமுறைகள் 2017-ன்படி ஜீப்ரா கிராஸிங்கில் நடப்பவருக்குத்தான் முன்னுரிமை, வண்டி நின்று வழிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 112-வது பிரிவின்படி குறிப்பிட்ட ரோட்டில் வேக வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் உரிமை உண்டு. 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு ரொம்ப முக்கியம்: சாலை வடிவமைப்பு, பராமரிப்பில் தரத்தைக் கடைப்பிடிக்காததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் மேல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், பாதுகாப்பான நடைபாதை என்பது அரசியலமைப்பில் வாழும் உரிமையான 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் இதை எழுதுங்கள், படிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ரோடு யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மாநகராட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் என்று மூன்று பேர் இருக்கிறார்கள், தவறான ஆளிடம் கொடுத்த மனு ஆறு மாதம் சுற்றும். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர்தான், அதனால் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மூன்று துறைக்கும் சேர்த்துப் போகும். "நடைமேம்பாலம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். வளைந்த கம்பி இருக்கிற இடத்தைப் போட்டோ எடுத்து வைத்து, அந்த இடத்தில் உயர்த்திய கடப்பும், நடுவில் நிற்க இடமும், 30 வேக வரம்பும், பஸ் நிறுத்தம் மாற்றமும் வேண்டும் என்று இடம் குறிப்பிட்டு எழுதுங்கள். கூடவே கடந்த மூன்று வருடத்தில் அந்த ரோட்டில் நடப்பவர்கள் அடிபட்ட இடங்களின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காவல்துறையிடம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகும் பாலம்தான் கட்டுவோம் என்று பதில் வந்தால், லிஃப்ட் பராமரிப்புக்கு எத்தனை வருடத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள், ராத்திரி எத்தனை மணி வரை ஓடும், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வீர்கள், அதுவரை சக்கர நாற்காலியில் வருபவர் எப்படிக் கடப்பார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.